காந்த ரேகையைத் தேடி வந்த சாராபாய்

தம்பானூரில் தும்பா பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள் தினமும் சொல்லும் பெயர் விக்ரம் சாராபாய். விண்வெளி நிலையத்துக்கே அவர் பெயர்தான். இந்திய ராக்கெட்டின் தந்தை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவர் ராக்கெட் என்ஜினீயரே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் அவர் ஆராய்ந்த விஷயம், வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள். தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்புவதற்குச் சில வருஷங்கள் முன்பே அந்தக் கதிர்களை எண்ணும் கருவி திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் சாராபாய். ராக்கெட் பின்னால் வந்த சமாச்சாரம்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

1919 ஆகஸ்ட் 12 அன்று ஆமதாபாத்தில் பிறந்தார் விக்ரம். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய துணி மில் முதலாளி. தாயார் சரளா தேவி. பிள்ளைகள் எட்டுப் பேர். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் திருப்தியில்லாமல், தம் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள் பெற்றோர்.

வேடிக்கையான குடும்பம் அது. 1915-ல் ஒரு ஹரிஜனக் குடும்பத்தை ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டதற்காகக் காந்திஜிக்கு உதவி நின்றுபோனது. அப்போது ஒருவர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர்தான் அம்பாலால். மூன்று வருஷம் கழித்து ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் அம்பாலால் நின்றார்; தொழிலாளர் பக்கம் நின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அவருடைய சொந்த அக்காள் அனசூயா. அக்காள் தம்பி உறவு முறியவில்லை. மாற்றுக் கருத்துக்காரரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் குணம் விக்ரமுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஆமதாபாத்தில் குஜராத் கல்லூரியில் படித்துவிட்டு, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் போனார். சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் ரவீந்திரநாத் தாகூர். 1940-ல் பட்டம் கிடைத்தது. அதற்குள் உலக யுத்தம் மூண்டுவிட்டதால் ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர். சி.வி. ராமனிடம் சேர்ந்தார். யுத்தத்தால் அதே போல் இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஹோமி பாபாவும் அங்கேதான் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். யுத்தம் வராதிருந்தால் இருவரும் ஐரோப்பாவில் எங்காவது பேராசிரியர்களாகி இருப்பார்களோ என்னவோ.

காஸ்மிக் கதிர் என்றால்?

1912-ல் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிப் பார்த்தார். உயரே போகப் போகக் கதிர்வீச்சு அதிகமாயிற்று. அது மண்ணிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. கதிர் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, உண்மையில் அவை துகள்கள், அணுக்களின் கருக்கள். எலெக்ட்ரான்களை இழந்து, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடி வருபவை. பத்தில் ஒன்பது பங்கு ஹைட்ரஜன் கரு. மிச்சத்தில் பெரும்பகுதி ஹீலியம். நூற்றில் ஒன்று மட்டும் ஆக்ஸிஜன், இரும்பு போன்ற கனத்த கருக்கள்.

இவை காற்று மண்டலத்தில் மோதிச் சிதறிவிடும். தரையை எட்டுவது சிதறல்கள்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிமிஷத்துக்கு 80, 100 சிதறல்கள் அதை ஊடுருவிப் போகும். நமக்கு ஒன்றும் தெரியாது. சிதறலை வைத்து மேலே வந்த கரு எது என்று சொல்வது, அடுப்புச் சாம்பலைப் பார்த்து எரிந்தது வேங்கையா பலாவா என்று சொல்வது மாதிரி. சாராபாய் வாழ்நாளெல்லாம் இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டினார்.

பெங்களூரில் கைகர் கவுன்டர்களை அடுக்கிக் கதிர்களை எண்ணினார். 1942-ல் முதல் கட்டுரை வெளிவந்தது. அடுத்த வருஷம் காஷ்மீர் மலையில் ஏறி, காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் அளந்தார்.

1942-ல்தான் கல்யாணமும். மணப்பெண் பரத நாட்டியக் கலைஞர் மிருணாளினி. சென்னையின் பிரபல வக்கீல் சுவாமிநாதனின் மகள்; தாயார் பாலக்காட்டுப் பக்கத்து ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி, மிருணாளினியின் அக்காள். ஆக, குஜராத்திப் பிள்ளை நம் பக்கத்து மாப்பிள்ளையானார். கல்யாணம் சென்னையில் நடந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்ட நேரம். மாப்பிள்ளை வீட்டார் போராட்டத்தில் இறங்கியிருந்ததால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை.

யுத்தம் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ். வெப்ப மண்டலப் பகுதியில் காஸ்மிக் கதிர்கள் பற்றி எழுதிய ஆராய்ச்சிக்கு 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். திரும்பிய கையோடு, நவம்பரில், ஆமதாபாத்தில் ஒரு கல்லூரியின் இரண்டொரு அறைகளில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். வயது 28.

கல்பாத்தி ராமநாதன்

இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு முதல் டைரக்டராகத் தன்னை அவர் நியமித்துக்கொள்ளவில்லை. பணம் திரட்டியவர், இடம் பிடித்தவர், யோசனைக்குச் சொந்தக்காரர் எல்லாம் அவரே. இருந்தும் தலைமை நாற்காலிக்கு அழைத்து வந்தது கே.ஆர். ராமநாதனை. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த தமிழர். இளவயதில் சில வருஷங்கள் திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் உத்தியோகம் பார்த்தவர். பிறகு ராமனின் சீடர். வானிலை இலாகாவில் பெயரெடுத்தவர். 1948-ல் ஓய்வு பெற்ற அவருக்கு, அதற்குமேல்தான் பெரிய வேலை காத்திருந்தது. 1966 வரை அவரே டைரக்டர். மில் முதலாளி மகன் அவருக்குக் கீழே பேராசிரியர். பணம் போட்டவன் கைகட்டி நிற்பது நம் ஊர்களில் அபூர்வம்.

பெரியவர் வானிலையும் ஓசோனும் பார்த்தார். சின்னவர் காஸ்மிக் கதிர் பார்த்தார். ஒரே ஊரில் எண்ணினால் போதாது என்று சாராபாய்க்குத் தெரியும். வடக்கே குல்மார்க்கிலும், தெற்கே கொடைக்கானலிலும் திருவனந்தபுரத்திலும் கருவிகள் வைக்கப்பட்டன. இவற்றில் திருவனந்தபுரம் எதற்கு? காரணம் காற்றோ கடலோ அல்ல, காந்தம்.

பூமி ஒரு பெரிய காந்தம். காந்த ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் வடக்கே போகப் போக முனை கீழே சாயும். சாயாமல் மட்டமாக நிற்கும் இடங்களைச் சேர்த்து உலகைச் சுற்றிக் கோடு இழுத்தால் அதுதான் பூமியின் காந்த நடு ரேகை. அக்காலத்தில் அது இந்தியாவின் தென்கோடியில், திருவனந்தபுரத்தை ஒட்டிச் சென்றது. மின்சாரம் ஏறிய துகள் எதுவானாலும் காந்தம் அதை வளைத்துத் திருப்பும். துருவங்களில் கதவு திறந்த மாதிரி. பலவீனமான துகளும் உள்ளே வரும். நடு ரேகையிலோ கண்டிப்பான டிக்கெட் பரிசோதகர் நிற்பது போல. மிகுந்த சக்தியுள்ள துகள்கள் மட்டுமே நுழைய முடியும். ஆகவே, குல்மார்க்கில் எண்ணியதையும் திருவனந்தபுரத்தில் எண்ணியதையும் ஒப்பிட்டால், பலமுள்ளவை எத்தனை, பலவீனமானவை எத்தனை என்று பிரித்துவிடலாம். பூமியையே சல்லடையாகப் பயன்படுத்தும் வித்தை இது.

திருவனந்தபுரத்துக்கு இந்தப் பெருமை புதிதல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய வானாய்வுக்கூடத்துக்கு 1852-ல் தலைவராக வந்த ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காந்த ஊசியின் ஆட்டத்தை அளப்பதற்காகவே அகஸ்தியர் மலை உச்சியில் யானையும் புலியும் நடமாடும் காட்டுக்குள் ஒரு கொட்டகை போட்டார். நூறு வருஷம் கழித்து அதே ரேகைக்காக சாராபாய் வந்தார்.

அளவுகளிலிருந்து அவருக்குத் தெரிந்தது இது. காஸ்மிக் கதிர் எல்லா நேரத்திலும் ஒரே அளவாக வருவதில்லை. பகலில் ஒரு நேரத்தில் சற்று ஏறும், ஒரு நேரத்தில் இறங்கும். வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது கருவியின் கோளாறு என்றோ காற்றின் சூடு என்றோ பலர் ஒதுக்கினார்கள். சாராபாய் ஒதுக்கவில்லை. அந்த ஏற்ற இறக்கம் வருஷா வருஷம் மாறுவதையும், சூரியனில் 11 வருஷத்துக்கு ஒரு முறை கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதோடு அது சேர்ந்து போவதையும் அவரும் மாணவர்களும் காட்டினார்கள். பூமிக்கு வெளியே, சூரியனைச் சுற்றியுள்ள வெளியில் என்ன நடக்கிறது என்பதைத் தரையில் உட்கார்ந்தே படிக்கும் வழி அது. கவுன்டர்களை நாள் தவறாமல் ஓட்டி, மணிக்கு மணி எண்ணிக்கையைப் பதிந்து, மாதக் கணக்கில் கூட்டிப் பெருக்கிக் கண்டுபிடித்தார்கள். கணக்குப் பேரேட்டில் காலணா உதைக்கிறது என்று ராத்திரி முழுக்க உட்காரும் குமாஸ்தாவுக்கு இந்த வேலையின் அருமை புரியும்.

இருந்தாலும் சாம்பல் சாம்பல்தான். உடையாத கருவைப் பிடிக்க வேண்டுமானால் காற்றுக்கு மேலே போகவேண்டும். 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை அனுப்பியபோது, அந்த வழி திறந்துவிட்டது. சாராபாயிடம் காஸ்மிக் கதிரில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த உடுப்பிப் பக்கத்து இளைஞர் யு.ஆர். ராவ் அமெரிக்கா போனார். 1965-ல் கிளம்பிய பயனீர் 6 முதலான விண்கலங்களில் காஸ்மிக் கதிர் அளக்கும் கருவிகளை வைத்தார். அமெரிக்காவின் ராக்கெட்டில் இந்தியரின் கருவி போகிறது. நம் ராக்கெட்டில்?

மாதா கோயிலும் ராக்கெட்டும்

1962-ல் அணுசக்தி இலாகாவின் கீழ் விண்வெளி ஆராய்ச்சிக்கென ஒரு தேசியக் குழு அமைந்தது. தலைவர் சாராபாய். முதல் வேலை, ராக்கெட் ஏவ இடம் பார்ப்பது. காந்த நடு ரேகைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், ஆகாயத்திலேயே ஒரு மின்சார ஓடை ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே நிற்காது. ராக்கெட் ஒன்றுதான் வழி. உலக விஞ்ஞானிகளுக்கே இந்த ரேகையின் மேல் ஒரு தளம் வேண்டியிருந்தது. கேரளக் கடற்கரையில் பல இடங்களைப் பார்த்துவிட்டுத் தும்பாவைத் தேர்ந்தார்கள்.

தும்பாவில் செம்படவர் குடியிருப்பும், மகதலேனா மரியாள் கோயிலும், ஆயர் இல்லமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் போய்ப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்ன ஆயர், கூடியிருந்த ஜனங்களிடம் விஷயத்தை விளக்கி, கோயிலையும் வீடுகளையும் விஞ்ஞானத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டதாகவும், எல்லோரும் சம்மதம் சொன்னதாகவும் அப்துல் கலாம் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த ஜனங்களுக்கு வேறிடத்தில் வீடும் புதுக் கோயிலும் ஏற்பாடாயின. தும்பாவின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் விஞ்ஞானிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வலை காயப் போட்ட கரையை விட்டுக்கொடுத்த குடும்பங்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கடலோடு பிழைக்கிறவனுக்குக் கரை எவ்வளவு முக்கியம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

கோயில் காரியாலயமாயிற்று. இன்றைக்கு அது விண்வெளிக் கண்காட்சி. அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்த இளைஞர்கள் சிலர் வேலையை ஆரம்பித்தார்கள். ராமேசுவரம் கலாம், சென்னையிலிருந்து வந்த அறவாமுதன், ஈசுவரதாஸ். தும்பாவில் அப்போது டீக்கடைகூடச் சரியாகக் கிடையாது. தம்பானூர் ரயில் நிலைய கேன்டீனில் சாப்பிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்களாம். ஸ்டேஷன் அன்றைக்கு மீட்டர்கேஜ். அகலப் பாதை 1976-ல்தான் வந்தது. ராக்கெட்டின் மூக்குப் பாகத்தை சைக்கிளில் வைத்துக் கொண்டு போன படம் உலகப் பிரசித்தம். மாட்டு வண்டிப் படத்தையும் தும்பாவோடு சேர்த்துச் சொல்வார்கள். அது தவறு. மாட்டு வண்டியில் போனது ஆப்பிள் செயற்கைக்கோள், இடம் பெங்களூர், வருஷம் 1981.

1963 நவம்பர் 21, மாலை. அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி ராக்கெட், பிரான்சின் கருவி. ராக்கெட்டைத் தூக்கும் கிரேன் கடைசி நேரத்தில் கசிந்து நின்றுவிட, கைகளாலேயே தூக்கி ஏவுமேடையில் ஏற்றினார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் ராக்கெட் கிளம்பிச் சில நிமிஷங்களில் வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் மேகம் விரிந்தது. உயரக் காற்றின் போக்கைக் காட்டுவதற்காகத் தூவப்பட்ட சோடியம் ஆவி அது. விஷயம் தெரியாத ஜனங்கள் தெருவில் நின்று அதிசயித்தார்கள். 1967 நவம்பரில், நம்மவர்களே செய்த ரோகிணி 75 என்ற சின்ன ராக்கெட் கிளம்பியது. குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான். 1968 பிப்ரவரி 2-ல் பிரதமர் இந்திரா காந்தி தும்பாவை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார்.

சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் அன்று நிறையப் பேர். கேள்வி நியாயமானதே. சாராபாய் கோபப்படவில்லை. சந்திரனுக்குப் போகப் பணக்கார நாடுகளோடு போட்டி போடுவது தம் நோக்கமல்ல, கிராமத்துக்குப் படிப்பும் விவசாயச் செய்தியும் வானிலை எச்சரிக்கையும் கொண்டு போவதே நோக்கம் என்று சொல்லி வந்தார். அமெரிக்கச் செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்ட 1969-ல் ஒப்பந்தம் செய்தார். 1975-ல் அது நடந்தது. தமிழ்நாடும் கேரளமும் அந்த ஆறில் இல்லை.

ஓயாத ஓட்டம்

1966 ஜனவரியில் ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் மாண்டார். அணுசக்திக் கமிஷன் தலைமையும் சாராபாய் தோளில் ஏறியது. அதே வருஷம் ராமநாதன் விலகியதால் ஆமதாபாத் ஆராய்ச்சிக்கூடமும் அவர் பொறுப்பு. 1969 ஆகஸ்ட் 15-ல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம். இவை போதாதென்று குடும்பக் கம்பெனிகள், ஆமதாபாத்தில் அவர் வளர்த்த நிர்வாகக் கல்லூரி, ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். பம்பாய், ஆமதாபாத், டில்லி, திருவனந்தபுரம் என்று விமானத்திலேயே வாழ்ந்தார். நடுவில் மாணவர்களின் காஸ்மிக் கதிர்க் கணக்கையும் விடாமல் பார்த்தார். தூக்கம் சில மணி நேரம். ஒரு மனிதனுக்கு இத்தனை பொறுப்பைக் கொடுத்த சர்க்காரையும் குறை சொல்லலாம். மறுக்காமல் வாங்கிக்கொண்ட அவரையும் குறை சொல்லலாம்.

1971 டிசம்பர் கடைசி வாரம் தும்பாவுக்கு வந்தார். செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் வரைபடத்தைப் பரிசீலிக்கும் வேலை இருந்தது. தங்கியது கோவளத்தில் கடலைப் பார்த்த ஹால்சியன் கோட்டை. திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தாரின் பழைய மாளிகை, இப்போது நட்சத்திர ஓட்டலின் பகுதி. டிசம்பர் 30 அன்று அங்கே இதயம் நின்று காலமானார். வயது 52. டில்லியிலிருந்து வந்துகொண்டிருந்த கலாமைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். விமானத்திலிருந்து இறங்கிய கலாமுக்கு, ஏணி பிடிக்கும் ஊழியர்தான் செய்தி சொன்னார். உடல் ஆமதாபாத்துக்குப் போயிற்று. ராமநாதன் அவருக்குப் பின் 13 வருஷம் உயிரோடிருந்து 1984-ல் மறைந்தார்.

1972-ல் தும்பா, வேளி நிலையங்கள் எல்லாம் சேர்ந்து விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம் ஆயின. 1975-ல் ஆரியபட்டா பறந்தது. அதைச் செய்து முடித்த குழுவுக்குத் தலைவர் அவருடைய மாணவர் ராவ். 1980 ஜூலையில் கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரனில் இறங்கிய கலத்துக்கு விக்ரம் என்று பெயர்.

சாராபாய் கடைசி வரை துரத்திய உடையாத கருக்களைப் பிடித்த கதை இவ்வளவு பிரபலமாகவில்லை. 1985 ஏப்ரல் 29-ல் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலத்தில் அனுராதா என்ற இந்தியக் கருவி போயிற்று. நம் அனுஷ நட்சத்திரத்தின் பெயர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தின் சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில், சாராபாய் தொடங்கிய ஆமதாபாத் ஆராய்ச்சிக்கூடமும் சேர்ந்து செய்தது. பீப்பாய் வடிவக் கருவிக்குள் ஒரு விசேஷ பிளாஸ்டிக் தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. மேல் அடுக்கு அசையாது. கீழ் அடுக்கு மெல்லச் சுழலும். ஒரு கரு இரண்டையும் துளைத்துப் போனால், இரண்டு தடங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து அது வந்த நேரம் தெரியும். நேரம் தெரிந்தால், அப்போது விண்கலம் பூமியின் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்பது தெரியும். தகடுகளைக் காரத்தில் ஊற வைத்துத் தடங்களைப் பெரிதாக்கி மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள்.

இடம் எதற்கு? எலெக்ட்ரான்களை முழுக்க இழந்த கருவைக் காந்தம் அதிகம் வளைக்கும். ஒன்றிரண்டு மட்டும் இழந்ததைக் குறைவாக வளைக்கும். ஆகவே காந்த நடு ரேகைக்கு எவ்வளவு பக்கத்தில் வரை ஒரு கரு நுழைய முடிந்தது என்று பார்த்தால், அது எத்தனை எலெக்ட்ரான்களை இழந்தது என்று சொல்லிவிடலாம். திருவனந்தபுரத்தில் கைகர் கவுன்டரை வைத்து சாராபாய் பயன்படுத்திய அதே சல்லடை, சுமார் 350 கிலோமீட்டர் உயரத்தில். சக்தி குறைந்த ஆக்ஸிஜன் துகள்கள் ஒரே ஒரு எலெக்ட்ரானை மட்டும் இழந்திருந்தன. தொலைதூர நட்சத்திரத்தில் வெடித்துக் கிளம்பியவை அல்ல அவை. நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து சாதாரண அணுவாக நம் சூரியனருகே மிதந்து வந்து, ஓர் எலெக்ட்ரானைப் பறிகொடுத்து, சூரியக் காற்றால் வெளி எல்லைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே வேகம் பிடித்துத் திரும்பி வந்தவை.

ஒரு வாரம் சுற்றிவிட்டு மே 6-ல் சாலஞ்சர் பத்திரமாக இறங்கியது. தகடுகள் இந்தியா வந்து சேர்ந்தன. அதே சாலஞ்சர் 1986 ஜனவரி 28-ல் ஏழு பேருடன் வானில் வெடித்துச் சிதறியது.